முறிந்த துடுப்பும் எப்பாக்சிப் பிசினும்

தோற்றுவாய்

நீர்மேற் செல்வார்க்குக் கலம் எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது துடுப்பு. கலத்தில் சிறிது கசிவு நேர்ந்தால் நீரை இறைத்துக்கொண்டே கரை சேரலாம். துடுப்பை இழந்தவனோ காற்றும் ஓதமும் ஈர்த்த வழியே செல்வதன்றி வேறு செயலற்றவனாவான். துடுப்பு என்னும் சொல் நம் தமிழில் ஓடம் வலிக்குங் கருவியை மட்டுமன்றி, அடிசில் துழாவும் அகப்பையையும் காந்தளின் அரும்பையும் குறித்து வழங்கும். காம்பும் அதன் தலையில் விரிந்த பகுதியுமாக மூன்றும் ஒருபுடை ஒத்திருத்தலே இதற்குக் காரணம் போலும். அகப்பை முறிந்தால் அன்றைய சோறு கெடும், அவ்வளவே. நீரின் நடுவில் துடுப்பு முறிந்தால் உயிர்க்கே ஊறு நேரும். இது யாம் ஏட்டிற் கற்றதன்று, பட்டு அறிந்தது.

சென்ற ஆண்டு மாணவர் நால்வேம் பொருள் கூட்டி, முன்பே ஒருவர் பயன்படுத்தியிருந்த மிதவைப் பலகை ஒன்றையும் அதற்குரிய துடுப்பையும் விலைக்கு வாங்கினோம். இப்பலகையின்மேல் ஒருவர் நின்றுகொண்டு, தம்மினும் நெடிய துடுப்பொன்றால் இருபுறமும் மாறி மாறித் துழாவிச் செல்லலாம். கட்டுமரத்தில் நின்று துழாவும் பரதவரைக் கண்டவர்க்கு இக்காட்சி புதுமையன்று. சென்னைக்குத் தெற்கே கோவளத்தை அடுத்த முட்டுக்காட்டு உப்பங்கழியில் விடுமுறை நாட்களில் யாம் பழகி வந்தோம். சில திங்கள் சென்றபின், துடுப்பின் அலகும் தண்டும் கூடும் கழுத்தில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று தோன்றிற்று. மறுநாட் காலையே நீரில் இறங்கல் வேண்டும் என்னும் விரைவால், அன்று மாலை கடையில் எப்பாக்சிப் பசை வாங்கி, விரைந்து இறுகட்டும் என்று இறுக்கும் மருந்தைச் சற்று மிகுத்துக் கலந்து, வெடிப்பின்மேற் பூசித் துணிச்சுருள் ஒன்றையும் சுற்றி வைத்தோம். விடியற்காலையில் தொட்டுப் பார்த்தபொழுது அது தோல்போல் நெகிழ்ந்திருந்தது. அதனையும் நன்றென்றே கொண்டோம்.

அன்று ஓதநீர் வடியும் வேளை. காற்றும் கடல் நோக்கி வீசிற்று. எம்முள் ஒருவர் கழியின் நடுவிற் சென்று திரும்பும்பொழுது, வலித்து ஊன்றிய ஒரு துழாவலிலேயே கழுத்து முறிந்தது. அலகு நீரில் ஆழ்ந்தும் மிதந்தும் அகன்று போயிற்று. கையில் நின்றது வெறுந்தண்டு. அவர் பலகைமேற் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவினார். நீரின் ஈர்ப்போ அவரை அலை மோதும் முகத்துவாரத்தின் பக்கமாகவே கொண்டு சென்றது. கரையில் நின்ற யாம் கூவினோமேயன்றி வேறொன்றுஞ் செய்தற்கில்லை. நற்பேறாக அவ்வழியே வந்த மீன்படகொன்று அவரைப் பற்றிக் கரை சேர்த்தது. மிதந்த அலகினையும் உடன் எடுத்து வந்தது.

அப்படகிலிருந்த முதியவர் ஒருவர், கரையில் ஃபைபர் படகுகளைப் பழுது பார்ப்பவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் நம் கடற்கரையில் இத்தகைய படகுகள் மிகப் பெருகினமையின், அவர்க்கு வேலை ஓய்வதில்லை. அவர் முறிந்த வாயை நகத்தால் அழுத்திப் பார்த்தார், நகம் பதிந்தது. அலகினை உதறினார், உள்ளிருந்து உப்புநீர் சொட்டிற்று. “உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு வெளியே பூசினால் எந்த மருந்துதான் பிடிக்கும், தம்பி?” என்றார். “இந்த மருந்து எங்களுக்குப் பழக்கம் இல்லை, ஐயா, நீங்கள் இடுவது எது?” என யாம் வினவ, “மருந்து வேறு, வேலை ஒன்றுதான்” என்று சொல்லிச் சென்றார். அச்சொல்லின் பொருளை ஆராய்ந்து, பின் முறையாகச் செய்து கண்டவற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

துடுப்பின் உறுப்புகளும் பொருளும்

துடுப்பிற்குப் பிடி, தண்டு, கழுத்து, அலகு என நான்கு உறுப்புகள் உண்டு. பண்டு இவை நான்கும் ஒரே மரத்திற் செதுக்கப்பட்டன. மரம் வளரா வடதுருவத்துக் கரைகளில் வாழும் இனுயிட் மக்கள், கடல் ஒதுக்கிய மரத்தில் துடுப்புச் செய்து, கல்லிலும் பனியிலும் தேயாவண்ணம் அதன் விளிம்பில் எலும்பு பதித்தனர். முனையே முதலில் தேயும் என்பதனை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

இக்காலத்து உயர்ந்த துடுப்புகள் கூட்டுப்பொருளால் ஆனவை. கூட்டுப்பொருளாவது நாரும் பிசினும் கூடியது. மண்சுவர் எழுப்புவோர் மண்ணோடு வைக்கோலை மிதித்துச் சேர்ப்பதும் இக்கருத்துப் பற்றியே. வைக்கோல் இழுவையைத் தாங்கும். மண் வைக்கோலை நிலைபெயராமற் பற்றும். துடுப்பில் வைக்கோலின் இடத்தில் நிற்பது கண்ணாடி நார் அல்லது கார்பன் நார். மண்ணின் இடத்தில் நிற்பது பிசின். கார்பன் நாரினை 1958ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ரோஜர் பேக்கன் ஆய்வுக்கூடத்திற் கண்டார். 1961இல் ஜப்பானிய அறிஞர் அகியோ ஷிண்டோ அதனை வேறொரு செயற்கை நாரிலிருந்து ஆக்கும் வழியை வெளியிட்டார். காற்றுப் புகாத உலையில் 1000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் கரிக்கப்படும் இந்நார், தலைமயிரிற் பத்திலொரு பங்கு பருமனே உடையது. ஆயினும் எடைக்கு எடை ஒப்பிட்டால் எஃகினை வெல்லும் வலியுடையது.

தண்டு மூங்கில்போல் உள்ளீடற்ற குழாய். அலகோ இரண்டு மெல்லிய நார்த்தோல்களுக்கிடையே இலேசான நுரைக்கட்டி பொதிந்தது. தோல்கள் ஒன்றினின்று ஒன்று விலகி நிற்குந்தோறும் அலகு வளையாது விறைப்புற்று நிற்கும். இவ்வமைப்பினாலேதான் துடுப்பு முழுதும் ஒரு கிலோவிற்குக் குறைந்த எடையில் அமைகின்றது. நிமிடத்திற்கு 40 முறை துழாவுவார் ஒரு மணி நேரத்தில் 2400 முறை துடுப்பினைத் தூக்கி இறக்குவராதலின், எடை குறைதலின் பயன் சிறிதன்று. அத்துணை முறையும் அது வளைந்து நிமிர்கின்றது என்பதனையும் உடன் நினைத்தல் வேண்டும். தோலில் ஒரு துளை நேர்ந்தால் நுரை நீரை உட்கொள்ளும். நார் அறுந்தால் அவ்விடத்து வலிமை அறவே நீங்கும்.

ஈண்டு ஓர் உண்மையை மனத்திற் கொள்க. அறுந்த இரும்பை உருக்கி ஒட்டலாம். அறுந்த நாரினை அங்ஙனம் ஒட்டுதற்கில்லை. வெடிப்பினுள் எத்துணைப் பிசினை ஊற்றினாலும் அது நாரற்ற பிசினேயாய் நிற்கும். ஆகவே, பழுது பார்த்தல் என்பது வெடிப்பை மூடுதலன்று. வெடிப்பின் இருபுறத்தும் உள்ள பழைய நார்களின்மேல் புதிய நார்த்துணியைப் படியவைத்து, ஒருபுறத்துச் சுமையை மறுபுறத்திற்குக் கடத்துதலாம். வெடிப்பின்மேல் மட்டும் பசை பூசிய எம் முதல் முயற்சி வீணானதற்கு இதுவே தலையாய காரணம்.

பிசினின் இயல்பு

எப்பாக்சி என்பது ஓர் அணுக்கூட்டத்தின் பெயரால் வந்தது. இரண்டு கரியணுக்களும் ஓர் உயிர்வளியணுவும் முக்கோணமாய்ப் பிணைந்த சிறு வளையம் இப்பிசினின் முனைகளில் உண்டு. முக்கோணத்தின் நெருக்கத்தால் அவ்வளையம் வளைத்துக் கட்டிய வில்போல் இறுக்கமுற்று, எப்பொழுது அவிழ்வோம் என நிற்கும். இறுக்கும் மருந்தாகிய ஹார்டனரில் அமீன் என்னும் பொருள் உண்டு. அமீனில் உள்ள ஒவ்வொரு செயல்திறமுடைய நீர்வளியணுவும் ஒவ்வொரு வளையத்தை அவிழ்த்து அதனோடு பிணையும். இங்ஙனம் இலக்கக் கணக்கான பிணைப்புகள் நாற்புறமும் ஓடி, நெய்த வலைபோல் ஒன்றாகி, நீர்மமாய் இருந்தது திண்பொருளாகின்றது.

1930களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பியர் காஸ்தான் என்பவர், பல் கட்டுதற்கேற்ற பொருளைத் தேடும்பொழுது இவ்வகைப் பிசினை ஆக்கினார். அமெரிக்காவில் சில்வன் கிரீன்லி என்பவரும் தனித்து இத்துறையில் உழைத்தார். 1946இல் பாசல் நகரத்து சீபா நிறுவனம் அரால்டைட் என்னும் பெயரால் இதனை உலகிற்கு அறிமுகஞ் செய்தது. பல்லிற்கெனத் தேடிய பொருள் ஓடத்திற்கும் வானவூர்திக்கும் உதவியாயிற்று.

நம் கடற்கரையில் ஃபைபர் படகிற்கு இடுவது பெரும்பாலும் பாலியெஸ்டர்ப் பிசின். அதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை அறியாமையாலேயே பலர் இடர்ப்படுகின்றனர். பாலியெஸ்டரில் சேர்க்கும் மருந்து நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. அது வினையைத் தூண்டிவிடுவது. ஆதலின் ஓரளவிற்குள் மிகுத்தால் விரைந்தும் குறைத்தால் மெல்லவும் இறுகும். எப்பாக்சியிலோ ஹார்டனர் தூண்டுவதன்று. தானே பிணைப்பில் ஒரு பாதியாவது. வளையங்களின் எண்ணிற்கு ஒத்த அளவே அது வேண்டப்படும். மிகுந்தால் பிணையாத ஹார்டனர் உள்ளே எஞ்சி நின்று பிசினை நெகிழ்விக்கும். குறைந்தால் பிணையாத பிசின் எஞ்சும். இரண்டு வழியும் கேடே. விரைவு வேண்டுவார் விரைவாக இறுகும் வகை ஹார்டனரை வாங்கல் வேண்டுமேயன்றி, உள்ளதனை மிகுத்தல் கூடாது. எம் துடுப்பின் கழுத்து தோல்போல் நெகிழ்ந்திருந்ததன் காரணம் இப்பொழுது புலனாகும்.

மற்றொன்றும் கருதற்பாலது. பாலியெஸ்டர், இறுகிய எப்பாக்சியின்மேல் நன்கு பற்றுவதில்லை. நுரைக்கட்டிகளுட் சிலவற்றைக் கரைத்தும் விடும். எப்பாக்சியோ இறுகும்பொழுது மிகச் சிறிதே சுருங்கும். பழைய மேற்பரப்பினை இறுகப் பற்றும். ஆகலின் கூட்டுப்பொருள் துடுப்பிற்கு இதுவே தக்கது.

பழுது அறிதல்

முதலில் துடுப்பு எப்பொருளால் ஆயது என்று துணிதல் வேண்டும். விலை குறைந்த துடுப்புகளின் அலகு நைலானாலேனும் பாலிப்ரொப்பிலினாலேனும் வார்க்கப்பட்டதாய் இருக்கும். அவற்றின்மேல் எப்பாக்சி எளிதிற் பற்றாது. அவற்றில் உழைப்பது மணலிற் கயிறு திரித்தலாகும். உப்புத்தாளால் மறைவிடத்தைச் சிறிது தேய்த்துப் பார்த்தால், நெசவு தோன்றுவது கூட்டுப்பொருள். மழுங்கிச் சுருள்சுருளாய் எழுவது வார்ப்புப் பொருள்.

பின்னர் பழுதின் எல்லையை அறிதல் வேண்டும். கண்ணுக்குத் தோன்றும் வெடிப்பினும் தோன்றாத பிளவு பெரிதாய் இருத்தல் உண்டு. நாணயம் ஒன்றினால் அலகு முழுவதும் மெல்லத் தட்டிச் செல்க. மட்பாண்டம் வாங்குவோர் சுண்டிப் பார்த்து ஓசையால் நலந்தீங்கு அறிவதுபோல, நல்ல இடம் கணீரென்றும், தோல் நுரையினின்று பிரிந்த இடம் பொத்தென்றும் ஒலிக்கும். ஒலி மாறும் இடந்தோறும் எழுதுகோலாற் குறி இடுக. எம் துடுப்பில் ஓரங்குல வெடிப்பிற்கு அப்பால் நான்கங்குலம் வரை தோல் பிரிந்திருந்தது.

உலர்த்தலும் தேய்த்தலும்

இவ்விரண்டுமே வேலையின் முக்காற் பங்கு. முதியவர் ‘வேலை ஒன்றுதான்’ என்றது இவற்றைக் கருதியே என்பது பின்னரே எமக்கு விளங்கிற்று.

உப்பு ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. ஆதலின் முதற்கண் நன்னீரிற் பலமுறை கழுவுதல் வேண்டும். நுரையினுள் நீர் தங்கியிருந்தால், பழுதின் தாழ்ந்த பக்கத்தில் சிறு துளைகள் இட்டு அதனை வடித்துக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடல் நன்று. உலர்ந்துவிட்டது என்பதனைக் கையால் தடவி அறிதற்கில்லை. நாள்தோறும் ஒரு வேளையில் தராசிலிட்டு நிறுத்து எழுதி வருக; எடை குறைந்துகொண்டே வந்து, மூன்று நாள் மாறாது நின்றால் உலர்ந்தது எனத் துணியலாம். எம் அலகிற்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. இழந்த எடை 70 கிராம். அத்துணை நீரை உள்ளே வைத்துக்கொண்டுதான் முன்னர் யாம் மேலே பசை பூசினோம்! விரைவு கருதி நெருப்பருகே வைத்தல் தீது. அறைவெப்பத்தில் இறுகிய எப்பாக்சியுட் பலவும் 50, 60 பாகை அளவிலேயே நெகிழத் தொடங்கும். உள்ளே அடைபட்ட நீராவியும் தோலைப் புடைக்கச் செய்யும்.

உலர்ந்தபின், பிரிந்த தோலையும் அறுந்த நாரையும் தயங்காது வெட்டி நீக்குக. பழுதுற்றதைச் சிறிதெனக் காட்டும் ஆசையால் கெட்ட பகுதியை விட்டுவைத்தல் புரையோடிய புண்ணின்மேல் துணி கட்டுதலை ஒக்கும். பின்னர் 80 எண் உப்புத்தாளால் சுற்றுப்புறத்தைச் சரிவாகத் தேய்த்தல் வேண்டும். தோல் ஒரு மில்லிமீட்டர் பருமனாயின், 12 மில்லிமீட்டர் அகலத்திற்கு அது படிப்படியே மெலிந்து ஒன்றுமில்லாததாகும்படி தேய்ப்பது ஓடப்பழுது பார்ப்போர் கொள்ளும் அளவு. செங்குத்தான வாயில் ஒட்டிய துணி அவ்விளிம்பிலேயே மீண்டும் பிளக்கும். நெடுஞ்சரிவில் ஒட்டியதோ சுமையைச் சிறிது சிறிதாகப் பங்கிட்டு ஏற்கும். தச்சர் இரண்டு மரங்களை நீளவாட்டில் இணைக்குங்கால் முனைகளைச் சாய்வாகச் சீவிப் பொருத்துதலும் இக்கருத்தினாலேயே.

தேய்த்த தூளைத் துடைத்து, அசிட்டோன் நனைத்த தூய துணியால் ஒரே திசையில் துடைத்தெடுக்க. அதன்பின் வெறுங்கையால் தொடலாகாது. கையின் எண்ணெய்ப் பசையே பற்றினைக் கெடுக்கப் போதும். தூய்மையை அறிய ஒரு வழி உண்டு: சில துளி நீர் விடுக. நீர் தாமரையிலையிற்போல் திரண்டு உருண்டால் எண்ணெய் இன்னும் உளது. ஒரே படலமாய்ப் பரவினால் தூய்மையாயிற்று. அந்நீர் உலர்ந்தபின்னரே பிசின் தொடுக.

பிசின் கூட்டல்

பிசினும் ஹார்டனரும் கூடும் அளவு வகைதோறும் வேறுபடும். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று எனப் பல உண்டு. கலத்தின்மேல் அச்சிட்டுள்ளதே அளவு. அது எடையளவா கொள்ளளவா என்பதனையும் நோக்குக, இரண்டும் ஒன்றாகா. ஒரு கிராமும் பிழையாது காட்டும் சிறு தராசு இதற்கு இன்றியமையாதது. கலந்தபின் இரண்டு மூன்று நிமிடம் பக்கங்களையும் அடியையும் வழித்து வழித்துக் கிளறல் வேண்டும். கிளறாது சுவரில் ஒட்டி நின்ற பிசின் பூச்சில் வந்து சேர்ந்தால், அவ்விடம் என்றும் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

இறுகும் வினை வெப்பத்தை வெளியிடும். கிண்ணத்தில் குவிந்து கிடக்கும் பிசின் தன் வெப்பத்தால் தானே விரைந்து கொதித்துப் புகையும். அகன்ற தட்டில் மெல்லிதாகப் பரப்பியதோ நெடுநேரம் நீர்மமாய் நிற்கும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வினையின் விரைவு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவிதி. குளிர்நாட்டில் எழுதிய குறிப்பில் அரைமணி நேரம் என்றிருப்பது நம் சித்திரை வெயிலில் கால்மணியும் நில்லாது. ஆதலின் வைகறையிற் சிறு சிறு அளவாகக் கூட்டிச் செய்தலே சாலச் சிறந்தது. ஐந்தே நிமிடத்தில் இறுகும் பசை வகைகள் பொதுவாக வலியிலும் நீர் தாங்குதலிலும் குறைந்தவை. அவை துடுப்பிற்கு ஆகா.

உடல்நலத்தைப் பேணலும் வேண்டும். ஹார்டனர் தோலில் படப்படச் சிலர்க்குத் தடிப்பும் அரிப்பும் தோன்றும். உடல் ஒருமுறை அதனை ஒவ்வாதென அறிந்துவிட்டால், பின்னர்ச் சிறு துளியும் துன்பம் விளைக்கும். கையுறை இன்றித் தொடற்க. தோலிற் பட்டதை அசிட்டோனால் துடையாது சவர்க்காரமிட்டுக் கழுவுக. தேய்க்கும்பொழுது எழும் நுண்தூள் நுரையீரலுக்குத் தீது, முகக்காப்பு அணிக.

பழுதின் வகையும் பொருத்தும் முறையும்

விளிம்பு சிதைதல் எளிய பழுது. தளர்ந்த நாரை நீக்கி இருபுறமும் சரிவாகத் தேய்த்து, அலகின் கீழ்ப் பாலித்தீன் தாள் சுற்றிய பலகையொன்றை இறுகக் கட்டுக. பாலித்தீனில் எப்பாக்சி ஒட்டாது. பிசினோடு நறுக்கிய கண்ணாடி நாரும் நுண்ணிய சிலிக்காத் தூளும் சேர்த்துக் களிபோல் ஆக்கி விளிம்பினை நிரப்புக. இறுகியபின் அரத்தால் உருச்செய்து, மெல்லிய துணி ஒரு படலம் இருபுறமும் போர்த்தல் நன்று.

அலகின் தோல் பிளத்தல் அடுத்தது. கெட்டுப்போன நுரையை நீக்கி, அவ்விடத்தை அதேபோன்ற நுரைத்துண்டாலேனும் இலேசான கலவையாலேனும் நிரப்பிச் சமன் செய்க. சரிவின் மேல் முதலில் வெறும் பிசினைத் தூரிகையால் தடவி, பின் வெட்டி வைத்த துணியைப் படியவைத்து மேலும் பிசின் ஊட்டுக. பழைய தோலில் எத்துணை அடுக்கோ அத்துணை அடுக்கும், எத்திசை நாரோ அத்திசை நாரும் புதியதிற்கு வேண்டும். வெண்ணிறக் கண்ணாடித் துணி பிசின் நிரம்பியவுடன் கண்ணாடிபோல் ஊடு தெரியும். வெண்மை நின்ற இடம் பிசின் சேராத இடம். கார்பன் துணி கறுப்பாகவே நிற்றலின் அதற்கு இவ்வடையாளம் இல்லை. மிகுந்த கவனம் வேண்டும். மேலே பாலித்தீன் தாளை விரித்து, காற்றுக்குமிழும் மிகைப் பிசினும் வெளிப்போதுமாறு நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வழித்து விடுக. பிசின் மிகுந்தால் வலிமை மிகும் என்று எண்ணுதல் பிழை, எடைதான் மிகும்.

தண்டு முறிதலும் கழுத்து முறிதலும் அரிய பழுதுகள். குழாயின் உள்ளே செறிந்து பொருந்தும் கண்ணாடிநார்க் குழாய் ஒன்றை முறிவின் இருபுறமும், தண்டின் குறுக்களவைப்போல் மூன்று மடங்கேனும் புகுமாறு, பிசின் தடவிச் செருகுக. அலுமினியக் குழாய் எளிதிற் கிடைக்குமாயினும் கார்பன் தண்டினுள் அதனை வைத்தல் கூடாது. கார்பனும் அலுமினியமும் உப்புநீரிற் கூடினால் மின்வினை நிகழ்ந்து அலுமினியம் அரிக்கப்படும். செருகியபின் நூல் பிடித்து நேர்மையை நோக்கி அசையாது கட்டி வைத்து, இறுகியபின் வெளியே சரிவாகத் தேய்த்து, நார்த்துணி சுற்றி, அதன்மேல் பாலித்தீன் நாடாவை இறுகச் சுற்றுக. அந்நாடாவில் ஊசியாற் சிறு துளைகள் இட்டால் மிகைப் பிசின் அவ்வழியே கசிந்து வெளியேறும்.

இறுகுதலும் காத்தலும்

ஒரு பகல் ஓரிரவு தொடாதிருத்தல் வேண்டும். முழுவலிமை எய்த ஏழு நாள் விடல் நன்று. இறுகிய பரப்பின்மேல் மெழுகு போன்ற படலமொன்று தோன்றுதல் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தோடும் கரிவளியோடும் அமீன் கூடியதால் வருவது. நம் கடற்கரைக் காற்றில் இது மிகுதி. அதனை முதலில் நீராற் கழுவி, பின்னரே தேய்த்தல் வேண்டும். கழுவாது தேய்த்தால் படலம் பரப்பினுள் அழுந்தி, மேலிடும் பூச்சினைப் பற்றவொட்டாது. இறுதியில் வெயில் காக்கும் வார்னிஷ் பூசுக. எப்பாக்சி நீரை வெல்லும், வெயிலை வெல்லாது. கதிரவன் ஒளியில் மஞ்சளித்து வெளிறிப் பொடியும்.

பின்னர் ஆய்ந்து பாராது நீரில் இறங்கலாகாது. துடுப்பின் இருமுனையையும் இரண்டு மணைகளின்மேல் வைத்து, நடுவில் சிறிது சிறிதாக அழுத்திப் பார்க்க. முறுமுறுக்கும் ஓசை எழுமாயின் பழுது உள்ளே நிற்கின்றது என அறிக. முதல் நாட்களில் இடுப்பளவு நீரிலேயே பழகுக. பழுது பார்த்த துடுப்பினை நெடுந்தொலைவிற்கும் அலைகடலுக்கும் தனித்துணையாகக் கொள்ளற்க. சில முறிவுகள் எத்துணைத் திறமையாலும் சீர்ப்படா. அவற்றைச் சுவரில் மாட்டி வைப்பதே அறிவுடைமை.

முடிவுரை

எம் துடுப்பினை இரண்டாம் முறை செப்பஞ்செய்ய முப்பது நாள் ஆயிற்று. அவற்றுள் பிசினோடு கழிந்தவை மூன்று நாளே. எஞ்சியவை உலர்த்தலிலும் தேய்த்தலிலும் காத்திருத்தலிலும் கழிந்தன. கழுத்து முன்னையினும் சற்றே பருத்துளது. எடையும் 60 கிராம் கூடியுளது. அதனை அம்முதியவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் ஒன்றும் பேசாது, கையிலிருந்த நாணயத்தால் அலகினைத் தட்டிக் கேட்டார். கழுத்தினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கரையை விட்டுத் தூரம் போகாதே, தம்பி” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். எம்முள் அன்று நீரில் ஈர்ப்புண்டவரே அதனைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

பசை வலியது என்று நம்பி யாம் முதலில் வேலையைக் குறைத்தோம். பசையின் வலிமை பசையில் இல்லை. அது தொடும் பரப்பு உலர்ந்ததாய், தூயதாய், சரிவுற்றதாய் இருத்தலிலும், கூட்டும் அளவு பிழையாமையிலும் உளது. இவை யாவும் பழுது நீங்கியபின் கண்ணுக்குத் தோன்றாதவை. மேற்பூச்சின் பளபளப்பைக் கண்டு துடுப்பினை நம்புவார், உள்ளே ஈரம் உலர்ந்ததா என்று ஒருமுறை வினவிக்கொள்வாராக. விரைவு வேண்டும் என்னும் எண்ணம் தோன்றும்பொழுது, நீரின் நடுவில் வெறுந்தண்டோடு நிற்பவரை நினைப்பாராக. அந்நினைவு ஒன்றே கையை நிதானப்படுத்தப் போதுமானது.